காய்ச்சல் டீச்சர்

உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். பையனைச் சேர்ப்பது இருக்கட்டும், முதலில் ஒரு விடுகதை போடுகிறேன். விடை தெரிகிறதா பாருங்கள்.

இடுப்பு நிறையச் சாவி, ஒரு கதவும் திறந்ததில்லை. அது யார்?

யோசியுங்கள், அவசரமில்லை. என் டியூஷன் பிள்ளைகள் எனக்குப் போட்டது இது. வாடகைக்கு வீடு விட்டவரா என்று கேட்டேன், இல்லை என்றார்கள். பூட்டுக்கடைக்காரரா என்றேன். அதுவும் இல்லையாம். ஒன்றையொன்று கிள்ளிக்கொண்டு சிரிக்கிறதுகளே தவிர, விடையைச் சொல்ல மாட்டேன் என்கிறதுகள். எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் பேப்பரை இறக்கி என்னை ஒரு தடவை பார்த்தார். மறுபடி பேப்பரை ஏற்றிக்கொண்டார். அவருக்கும் தெரியவில்லை.

போகட்டும். நீங்கள் வழி விசாரித்துக்கொண்டுதானே வந்திருப்பீர்கள்? இந்தி டியூஷன் சுலோசனா வீடு எது என்று கேட்டிருப்பீர்கள். மாவு மில்லில், “யாரு, காய்ச்சல் டீச்சருங்களா?” என்று சொல்லியிருப்பார்கள். இல்லையென்று தலையாட்டாதீர்கள், உள்ளே நுழையும்போதே நீங்கள் பையனை உங்கள் பின்னால் தள்ளிக்கொண்டதைப் பார்த்தேன். எனக்குக் காய்ச்சல் கிடையாது. வந்து பல வருஷமாகிறது. இந்தப் பல்லடத்தில் ஒருவருக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டால் ரேஷன் கார்டில்தான் ஏறாது, மற்ற எல்லா இடத்திலும் ஏறிவிடும். அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டுச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

சுவரில் இருப்பதெல்லாம் என் சர்டிபிகேட்டுகள். பிராத்மிக்கில் ஆரம்பித்துப் பிரவீண் வரைக்கும். இந்தியில் அதற்கு மேல் பரீட்சை இல்லை. எல்லாவற்றிலும் முதல் வகுப்பு. போர்டு ஏன் வீட்டின் பக்கவாட்டில் இருக்கிறது என்று பார்த்தீர்களா? எங்கள் வீட்டுக்காரர் அந்தக் காலத்துக் கட்சிக்காரர். வாசலில் இந்தி போர்டு மாட்ட விடமாட்டேன் என்றுவிட்டார். அவர் கொள்கை அது. டியூஷன் காசில் வாங்கிய மிக்ஸியில் அரைத்த சட்னிக்கு மட்டும் கொள்கை கிடையாது.

என்னிடம் படித்த பிள்ளை ஒன்றுகூடத் தோற்றதில்லை. முறை அப்படி. ‘பசு’ கட்டுரை, ‘என் பள்ளி’ கட்டுரை, விடுப்புக் கடிதம், புத்தகம் கேட்டுக் கடைக்காரருக்குக் கடிதம், எல்லாம் மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரவேண்டும். எனக்கு அப்படித்தான் வரும்.

பேச்சா? பேச்சு என்று நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும், இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். நாங்கள் ஒரு பிழையோடு வாயைத் திறந்தால் எங்கள் மாஸ்டர் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார். அதனால் ஒரு வாக்கியத்தை முதலில் மனத்துக்குள் எழுதி, அடித்துத் திருத்தி, சுத்தமாகப் படியெடுத்த பிறகுதான் வெளியே விடவேண்டும். அந்தப் பழக்கம் எனக்கு நன்றாகப் படிந்துவிட்டது. இன்று வரைக்கும் நான் இந்தியில் ஒரு வாக்கியம்கூடத் தப்பாகப் பேசியது கிடையாது. காசிக்குப் போனபோது பாருங்கள், பித்தளைச் சொம்பு விலை கேட்க நான் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன், இவர் ஒரு வார்த்தை தெரியாமல் விரலைக் காட்டி, தலையை ஆட்டி, கடைக்காரன் தோளில் ஒரு தட்டுத் தட்டிச் சொம்பை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார். அவசரக்காரர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பக்கத்து நடுநிலைப் பள்ளியில் எஸ்தர் ராணி என்று ஒரு தலைமையாசிரியை. நல்ல மாதிரி. ஒரு நாள் ஆள் அனுப்பினார். போனால், அவர் அறையில் ஒரு பெண்பிள்ளை நிற்கிறது. நூல் மில் குவார்ட்டர்ஸ் பிள்ளை, பேர் ரிங்கி. பீகார். ஒன்பது வயது இருக்கும். வாய் திறக்கவே மாட்டேன் என்கிறதாம்.

“டீச்சர், இது என்ன படிச்சிருக்குது, எந்தக் கிளாசுல போடறதுன்னே தெரியலைங்க. நீங்க கொஞ்சம் பேசிப் பாருங்க” என்றார்.

சும்மா சொல்லக்கூடாது, எனக்கு மனசு துள்ளியது. மூச்சை இழுத்து, வாக்கியத்தைச் சரிபார்த்து, இந்தியில் கேட்டேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: “குமாரி, தங்களின் திருநாமம் யாதென அறிய விழைகிறேன்.”

அந்தப் பிள்ளை என் செருப்பைப் பார்த்தது.

“தாங்கள் எம்மாகாணத்தில் பிறந்தருளினீர்கள்?”

இப்போது எஸ்தர் ராணியைப் பார்த்தது. பிறகு சுண்டுவிரலைக் காட்டியது. அனுப்பி வைத்தோம். திரும்பி வந்ததும் மூன்றாவதாக, பசுவால் மனிதகுலத்துக்கு விளையும் நன்மைகள் எவை என்று எளிமையாகவே கேட்டேன். மறுபடி என் செருப்பைப் பார்த்தது.

நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். “இந்தப் பிள்ளைக்கு இந்தி தெரியலைங்க.”

“பீகார்ங்கறாங்களே டீச்சர்?”

“பீகாரா இருந்தா என்னங்க? நம்ம ஊருல பொறந்த புள்ளைங்களுக்கெல்லாம் தமிழ் ஒழுங்காத் தெரியுதுங்களா?”

சொந்த மொழியே தெரியாத பிள்ளையை வேறு எங்கே போடுவது? ஒன்றாம் வகுப்பில் போட்டார்கள். அந்தக் குட்டி பெஞ்சில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தது. வழியில் போகும்போது ஜன்னலில் பார்ப்பேன். பாவமாகத்தான் இருக்கும்.

அதனால்தான் டியூஷனுக்குச் சும்மாவே அனுப்பச் சொன்னேன். என் திட்டம் இது: முதலில் அந்தப் பிள்ளைக்கு இந்தி கற்றுக்கொடுப்பது. அது நன்றாக ஊன்றிய பிறகு இந்தி வழியாகத் தமிழ் கற்றுக்கொடுப்பது. சிரிக்காதீர்கள், அஸ்திவாரம் என்று ஒன்று வேண்டுமில்லையா?

முதல் நாள் பிரைமரைக் கையில் கொடுத்தேன். முதல் பக்கத்தில் ஆரம்பித்துக் கடைசிப் பக்கம் வரைக்கும் மடமடவென்று படித்துவிட்டு மூடி வைத்தது. தடங்கல் என்னவோ இல்லைதான். ஆனால் உச்சரிப்பு சரியில்லை. எங்கள் மாஸ்டர் சொல்லிக்கொடுத்த மாதிரி இல்லவே இல்லை. மறுபடி முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தேன். அது என்னை ஒரு மாதிரி பார்த்தது. மந்தமான பிள்ளைகள் அப்படித்தான் பார்க்கும்.

இங்கே செண்பகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். டயர் ரீட்ரேடிங் கடைக்காரர் பெண், அதே பள்ளியில் ஆறாவது. மனப்பாடம் வராது. ‘பசு’ கட்டுரையில் கொம்பு வரைக்கும் வருவாள், வாலுக்குப் போகவே மாட்டாள். நானும் தலைகீழாக நின்று பார்த்துவிட்டேன். அவளுக்கும் ரிங்கிக்கும் சிநேகம். மாடியில்தான் வகுப்பு, தகர ஷெட். நான் காபி குடிக்கக் கீழே இறங்கினால் போதும், சொட்டாங்கல் ஆட ஆரம்பித்துவிடுவார்கள். ஐந்து கல், ஒன்றைத் தூக்கிப் போட்டு மற்றதை அள்ளுகிற ஆட்டம், உங்களுக்குத் தெரியாததா. அதில் ஏமாற்றாமல் யாராவது ஆடிப் பார்த்திருக்கிறீர்களா? ஏமாற்றினால் சண்டை. சண்டை போட வாய் வேண்டும். ஊமையாக எவ்வளவு நேரம் சண்டை போடுவது?

ஒரு நாள் காபி டம்ளரோடு படியேறுகிறேன், மேலே இந்தியில் ஒரு கூச்சல். ‘கல்லு ஆடுச்சு, நான் பார்த்தேன், நீ திருடி’ என்று அர்த்தம் வருகிற மாதிரி. ரிங்கிதான் பேசுகிறது, என் பயிற்சி வேலை செய்கிறது என்று சந்தோஷமாக ஏறிப் பார்த்தால், கத்துவது செண்பகம். ஒரு வார்த்தைகூட இலக்கணத்தோடு இல்லை. ஆண்பாலும் பெண்பாலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது. ரிங்கி அதற்கு ஏதோ பதில் சொன்னது, இரண்டும் சிரித்தன.

கூப்பிட்டு நிறுத்தினேன். “என்னடி பேச்சு இது? எந்தப் பாடத்துல இருக்குது?”

“பாடத்துல இல்லைங்க டீச்சர்.”

“பாடத்துல இல்லாதத ஏன் பேசறே?”

“அவ கல்லை அமுக்கிட்டாளுங்க” என்றாள்.

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நான் பெஞ்சு மேல் ஏறச் சொன்னேன். மாடியில் பெஞ்சு இல்லை, பாய்தான். பாய் மேல் நின்றாள். நின்றுகொண்டே ரிங்கியோடு பேசிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் இது தொற்றிக்கொண்டது. எல்லாப் பிள்ளைகளும் வாய்க்கு வந்தபடி பேச ஆரம்பித்தன. கட்டுரை ஒப்பிக்கச் சொன்னால் நிற்கிறதுகள், பேச விட்டால் நிறுத்த முடியவில்லை. இந்த விடுகதையும் அந்த நாட்களில் வந்ததுதான். ரிங்கி சொன்னது என்று ஒருவன் உளறினான், உடனே பக்கத்துப் பையன் அவன் வாயைப் பொத்தினான்.

இப்போது காய்ச்சலுக்கு வருகிறேன்.

ஒரு சாயங்காலம், வகுப்பு முடிகிற நேரம், ரிங்கியின் அப்பா மகேந்தர் வந்து வாசலில் நின்றார். மில்லிலிருந்து நேராக வந்திருக்கிறார், தலை முழுக்கப் பஞ்சு. நல்ல மனிதர். ஆனால் அன்றைக்கு முகம் கடுகடுவென்று இருந்தது. வந்ததும் பேச ஆரம்பித்தார். ஒரு கையைத் தரைக்கு மேலே இவ்வளவு உயரத்தில் காட்டுகிறார், ரிங்கியைக் காட்டுகிறார், மறுபடி தரையைக் காட்டுகிறார்.

எனக்கு வார்த்தைகள் தெரியாமல் இல்லை. எல்லாம் தெரிந்த வார்த்தைகள்தான். ஆனால் பஸ் ஸ்டாண்டில் நிற்காமல் போகிற பஸ் மாதிரி, போர்டைப் படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. அவர் பேசி முடித்து என் முகத்தையே பார்க்கிறார். பிள்ளைகள் எல்லாம் படிக்கட்டில் வரிசையாக நின்று பார்க்கின்றன. எங்கள் வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிவிட்டார். நான் பதில் சொல்லியாகவேண்டும்.

வாயைத் திறந்தேன். வந்தது.

“மதிப்பிற்குரிய ஐயா, பணிவான விண்ணப்பம் யாதெனில், நேற்று முதல் நான் கடும் காய்ச்சலால் பீடிக்கப்பட்டுள்ளேன். ஆகையால் வகுப்பிற்கு வருகைதர இயலாத நிலையில் உள்ளேன். இரண்டு தினங்கள் விடுப்பளித்து அருள்புரிய வேண்டுகிறேன். இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிந்த மாணவி.”

ஒரு பிழை இல்லை. மாஸ்டர் இருந்திருந்தால் தலையாட்டியிருப்பார்.

மகேந்தர் முகத்தில் இருந்த கோபம் அப்படியே இறங்கிவிட்டது. என்னைக் கவலையாகப் பார்த்தார். ஏதோ மெதுவாகச் சொல்லிவிட்டுச் சரசரவென்று போய்விட்டார். பிரச்சினை தீர்ந்தது என்று நான் திரும்பினால், கொஞ்ச நேரத்தில் மறுபடி வருகிறார், கையில் காய்ச்சல் மாத்திரை. பின்னால் அவர் மனைவி, இடுப்பில் கைக்குழந்தை, கையில் தூக்குப்போசியில் இஞ்சி டீ. அந்தப் பெண் நேராக வந்து என் கழுத்தில் கைவைத்துப் பார்த்தாள். நெற்றியில் வைத்துப் பார்த்தாள். குழம்பிப் போய்த் தன் நெற்றியையும் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வேண்டாம் என்பதற்கு மரியாதையான வாக்கியம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன், அதற்குள் டீயைக் குடித்தாகிவிட்டது. என்னைக் கட்டிலில் படுக்கவைத்துப் போர்வை போர்த்திவிட்டுத்தான் போனாள். மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்தேன். கசப்பு.

ஊர் இதைச் சொல்லிச் சிரிக்கிறது. நான் கேட்கிறேன், அந்த மனிதருக்கு நான் பேசியது புரிந்ததா இல்லையா? ஒரு எழுத்து விடாமல் புரிந்தது. மாத்திரை வந்ததே. இன்றைக்கும் என்னைக் கடைவீதியில் பார்த்தால் நெற்றியைத் தொட்டுக் காட்டி எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார்.

போர்வைக்குள் இருந்தபடியே செண்பகத்தைக் கூப்பிட்டேன். “அவரு என்னடி சொன்னாரு?”

“உங்களுக்குப் புரியலைங்களா டீச்சர்?”

“புரிஞ்சுது. உனக்குப் புரிஞ்சுதான்னு பாக்கறேன்.”

அவள் சொன்னாள். “ரிங்கிய நாளையோட ஸ்கூல நிறுத்தறாராமுங்க. அத்தாச்சோட்டுப் பெரிய புள்ளை பாப்பாங்களோட உக்காந்திருக்குதுன்னு மில்லுல சிரிக்கறாங்களாம். அங்க மூணாவது பாஸ் பண்ண புள்ளைங்க. இங்க சும்மா உக்காந்திருக்கறதுக்கு ஊட்டுல தம்பியப் பாத்துக்கட்டும்னாருங்க. எம்புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எவன் சொன்னான்னு கேட்டாருங்க.”

“நீ என்ன சொன்னே?”

“நான் எதுக்குங்க சொல்றேன்? நீங்கதான் காய்ச்சல்னு சொல்லிட்டீங்களே.”

எனக்கு உண்மையாகவே தலை வலித்தது. எழுந்து உட்காரப் போனேன். கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்த ரிங்கி போர்வையை இழுத்துவிட்டு, “டீச்சரு, நீங்க படுங்க. டீ குடிச்சதும் எந்திரிச்சா ஆவாது” என்றது.

தமிழில்.

நான் அதைப் பார்த்தேன். “உனக்குத் தமிழ் வருமா?”

“வருமுங்க.”

“எப்ப இருந்து?”

“ரொம்ப நாளாச்சுங்க டீச்சரு. நீங்க இந்தியில கேப்பீங்க, அதனால நான் தமிழ்ல பேசலைங்க” என்றது. பிறகு கொஞ்சம் யோசித்து, “நான் ஊட்டுக்குப் போயி தம்பியப் பாத்துக்கறனுங்க. ஆனா சொட்டாங்கல்லுக்கு மட்டும் வரட்டுங்களா?” என்றது.

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இஞ்சி டீ ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. எங்கள் வீட்டுக்காரர் மெதுவாக வந்து, “அந்தப் புள்ளைய ஒண்ணாவதுல போடச் சொன்னது யாரு சுலோ?” என்று கேட்டார். எஸ்தர் ராணி என்றேன். “ஓ” என்றார். அவர் ‘ஓ’ என்றால் எனக்குப் பிடிக்காது.

மறுநாள் காலையில் காபிகூடக் குடிக்காமல் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். எஸ்தர் ராணியிடம், “என் பயிற்சியில அந்தப் புள்ளை தேறிடுச்சுங்க, மறுபடி சோதிச்சுப் பாருங்க” என்றேன். ரிங்கியைக் கூப்பிட்டார். இந்தத் தடவை அவரே தமிழில் கேட்டார். பேர் சொன்னது. ஊர் சொன்னது. நாலாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தார். எழுத்துக்கூட்டித்தான் படித்தது, இரண்டு இடத்தில் தப்பு. தப்பாகப் படித்துவிட்டு நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விட்டது. நானாக இருந்தால் நிறுத்தியிருப்பேன். எஸ்தர் ராணி நிறுத்தவில்லை. கணக்கு கொடுத்தார். அவர் எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொன்னது.

“நாலாவதுல போட்டுடலாங்க” என்றார் எஸ்தர் ராணி.

அதற்குள் வாட்ச்மேன் வந்தார். ரிங்கியின் அப்பா கேட்டுக்கு வெளியே நிற்கிறாராம். பிள்ளையின் பையையும் சத்துணவுத் தட்டையும் வாங்கிக்கொண்டு, கையோடு கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறாராம். ஷிப்டுக்கு நேரமாகிறதாம்.

எஸ்தர் ராணிக்கு இந்தியில் ஒரு வார்த்தை வராது. “யாருங்க அவருகிட்டச் சொல்றது? இந்தப் புள்ளையே சொன்னா, நிக்க மனசில்லாம பொய் சொல்லுதுன்னு நினைப்பாரு” என்றார்.

செண்பகம் எங்கிருந்துதான் வந்தாளோ, வாசலில் நின்றுகொண்டு கையைத் தூக்கினாள். “நான் சொல்றனுங்க மிஸ்.”

நானும் தயாராகிக்கொண்டுதான் இருந்தேன். ‘தங்கள் புதல்வி நான்காம் வகுப்பிற்கு உயர்த்தப்பட்டிருக்கிறாள் என்பதை மகிழ்வுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’ கஷ்டமான வாக்கியம். பாதிதான் திருத்தியிருந்தேன். அந்தப் பாதிக்குப் பின்னால் காய்ச்சல் வந்து நின்றுகொண்டிருந்தது, எனக்கே தெரிந்தது. வாய் உலர்ந்து போயிருந்தது. காபி குடிக்காததுதான், வேறொன்றுமில்லை.

எஸ்தர் ராணி செண்பகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தர்மசங்கடமாகச் சிரித்தார். பிறகு குனிந்து ரிங்கியிடம் கேட்டார். “நீயே சொல்லு கண்ணு. உங்கப்பாகிட்ட யாரு வந்து பேசட்டும்?”

ரிங்கி செண்பகத்தைப் பார்த்தது. கேட்டுக்கு வெளியே நின்ற அப்பாவைப் பார்த்தது. என்னைப் பார்த்தது.

“டீச்சரு சொல்லட்டுங்க. சின்னதாச் சொன்னாப் போதும்” என்றது.